தெரியாது என்று சொல்லத் தெரியுமா?

திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை மணிக்கு ஆரம்பம். ஆகையால் என் அக்காள் தன் பெண்ணை ஏழு இருபதுக்கே வீட்டை விட்டுக் கிளப்பிவிட்டாள். கம்பெனி பஸ் என்னவோ எட்டேகாலுக்குத்தான் வரும். "வாசற்படியைத் தாண்டிவிட்டால் போதும். அப்புறம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் என்ன, உட்கார்ந்தால் என்ன?" என்பது அக்காளின் சித்தாந்தம். கையில் டிபன் டப்பா, தோளில் புதுப் பை, நெற்றியில் குங்குமம், நாக்கில் இன்னும் கரையாத சர்க்கரை. இந்த அலங்காரங்களுடன் எங்கள் குட்டி முதல் உத்தியோகத்துக்குப் புறப்பட்டாள்.

குட்டி என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். வயது 21. பி.காம். முதல் வகுப்பு. பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடியும் இரும்புமாக எழும்பியிருக்கும் கட்டடங்களில் ஒன்றிலே, ஆறாவது மாடியிலே வேலை.

அக்காள் கணவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. ஒரு சின்னப் பென்ஷனையும் ஒரு தையல் மெஷினையும் வைத்துக்கொண்டு அக்காள் குடித்தனத்தை இழுத்து வந்தாள். பெண்ணின் சம்பளம் வந்தால்தான் கல்விக் கடனுக்குத் தவணை கட்ட முடியும். ஆனால் கம்பெனியோ ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை ஊர்ஜிதம் செய்யும். திருப்தி என்றால் இரு. இல்லாவிட்டால் நமஸ்காரம், போய் வா!

மூன்றாவது வாரம் புதன்கிழமை இரவு நான் தற்செயலாக அங்கே போயிருந்தேன். குட்டி சாப்பிட வரவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "மாமா, எனக்கு இந்த வேலை வேண்டாம். நான் வங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறேன்" என்றாள். கண்கள் சிவந்திருந்தன.

நடந்தது இதுதான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் கணக்கு வழக்குகளை இங்கிருந்தபடியே கவனிப்பது அவர்கள் தொழில். இன்னும் பணம் கொடுக்கப்படாத பில்கள் எத்தனை நாளாகப் பாக்கி நிற்கின்றன என்று ஒரு பட்டியல் தயாரிக்கச் சொன்னார்கள். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் "எத்தனை நாள்" என்றால் எந்தத் தேதியிலிருந்து? பில் எழுதிய தேதியிலிருந்தா, சரக்கு வந்து சேர்ந்த தேதியிலிருந்தா? திங்கட்கிழமை காலையிலேயே குட்டிக்கு இந்தச் சந்தேகம் வந்துவிட்டது. கேட்கவில்லை. பில் தேதி என்று தானாகவே வைத்துக்கொண்டு மூன்று நாள் கண் வலிக்க வேலை செய்தாள். புதன்கிழமை மாலை மேலதிகாரி பட்டியலைப் பார்த்தார். வரிக்கு வரி தப்பு. "இதை முதல் நாளே கேட்டிருக்கலாமே? மூன்று நாள் வீணாகிவிட்டதே!" என்றார், பத்துப் பேர் நடுவில்.

"ஏன் அம்மா கேட்கவில்லை?" என்றேன் நான்.

"இதுகூடத் தெரியாதா என்று நினைத்துக்கொள்வார்களே, மாமா!"

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே வெட்கமும் வந்தது. நான் பத்திரிகைக் காரியாலயத்தில் சேர்ந்த புதிதில், 'காலி' என்று ஒரு சொல்லை அச்சுக்கோப்புப் பகுதியில் தினமும் சொல்லக் கேட்டு, அதற்கு அர்த்தம் கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு மாதம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தவன்தானே நானும்?

யோசித்துப் பாருங்கள். பதினைந்து வருஷப் படிப்பில் நம் குழந்தைகளுக்கு நாம் சொல்லி அனுப்பியது என்ன? "தெரியாத கேள்வியாக இருந்தாலும் ஏதாவது எழுதிவிட்டு வா. இரண்டு மார்க்காவது விழும்." நானும் சொல்லியிருக்கிறேன், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். பரீட்சையிலே அது சாமர்த்தியம். உத்தியோகத்திலே அந்த இரண்டு மார்க்குத்தான் மூன்று நாள் நஷ்டமாக முடிகிறது.

கோச்சு வண்டி வந்த வழி

நல்ல வேளையாக, அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேரும் பட்டதாரிகளுக்கு வெளியிலிருந்து ஒரு 'கோச்' வருவார். பதினைந்து நாளைக்கு ஒரு முறை முக்கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேசுவார். மொத்தம் ஆறு சந்திப்பு. வேலையில் திறமையை வளர்ப்பதற்கான பயிற்சியாம்.

"கோச்சா? கிரிக்கெட்டுக்குத்தானே அது?" என்றாள் அக்காள்.

அக்காள் சந்தேகம் நியாயமானதே. இந்தச் சொல்லின் பூர்வீகம் வேடிக்கையானது. ஹங்கேரி தேசத்தில் கோச் என்று ஒரு கிராமம். பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கே உயர்ந்த ரகக் குதிரை வண்டிகள் செய்தார்கள். ஊர்ப் பெயரே வண்டிக்குப் பெயராகி ஐரோப்பா முழுதும் பரவிற்று. நம் பாட்டிமார் சொன்ன கோச்சு வண்டியும் அதுதான். பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பல்கலைக் கழக மாணவர்கள், தங்களைப் பரீட்சை என்னும் ஊருக்குச் சுமந்துகொண்டு போய்ச் சேர்க்கும் தனி வாத்தியாருக்குக் 'கோச்' என்று கேலிப் பெயர் வைத்தார்கள். அங்கிருந்துதான் அது விளையாட்டு மைதானத்துக்குப் போயிற்று.

மைதானத்திலிருந்து ஆபீஸ் அறைக்கு வந்த கதை இன்னும் ருசியானது. அமெரிக்காவில் திமதி கால்வே என்பவர் டென்னிஸ் சொல்லிக் கொடுத்து வந்தார். தாம் அதிகமாகச் சொல்லச் சொல்ல மாணவர்கள் அதிகமாகத் தடுமாறுவதைக் கண்டார். "மணிக்கட்டை இப்படித் திருப்பு, முழங்காலை அப்படி மடக்கு" என்பதையெல்லாம் நிறுத்தினார். பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல், வாய்விட்டுச் சொல், அவ்வளவுதான் என்றார். மாணவனுடைய கவனம் தன் பயத்தை விட்டுப் பந்தின் மேல் போயிற்று, ஆட்டமும் திருந்திற்று. 1974-ல் இதைப் புத்தகமாக எழுதினார். கார்ப் பந்தயத்தில் 1965-ல் ஐரோப்பிய சாம்பியனாக வந்த ஜான் விட்மோர் என்ற ஆங்கிலேயர் இவரிடம் பாடம் கேட்டு, அதைக் கம்பெனி வேலைகளுக்குப் பொருத்தி 1992-ல் ஒரு நூல் எழுதினார். இன்று உலகெங்கும் கோச் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்த வண்டியில் ஏறி வந்தவர்களே.

கட்டுரை எப்போது முடியும்?

குட்டியின் கோச் ஐம்பத்தெட்டு வயது அம்மாள் ஒருவர். வங்கியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குட்டியின் சம்மதத்தோடு சென்ற வாரம் அவரை நங்கநல்லூரில் அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். நல்ல பில்டர் காபி கொடுத்தார்.

"பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன யோசனை சொல்லுகிறீர்கள்?" என்று ஆரம்பித்தேன்.

"யோசனையா? கூடியவரையில் சொல்லுவதே இல்லை."

"பின்னே எதற்குச் சம்பளம் வாங்குகிறீர்கள்?" என்று கேட்டேவிட்டேன்.

அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்கள் கட்டுரையை எப்போது ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார்.

"வியாழக்கிழமை."

"இதுவரை எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்?"

"தலைப்பு."

"அது ஒன்றுதானா?"

"அதிலும் ஒரு சொல் பிடிக்கவில்லை" என்று ஒப்புக்கொண்டேன்.

"சரி, இதற்கு முன் நேரத்துக்கு முடித்த கட்டுரை எதையாவது எப்படி முடித்தீர்கள்?"

யோசித்தேன். ஒரு முறை நடுவிலிருந்து எழுத ஆரம்பித்தேன். இன்னொரு முறை அதிகாலையில் எழுந்து எழுதினேன். மற்றொரு முறை ஆசிரியர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். மூன்றையும் சொன்னேன்.

"இந்த மூன்றில் எது உங்களுக்குச் சௌகரியம்?"

"நடுவிலிருந்து எழுதுவதுதான்."

"எப்போது உட்காருவீர்கள்? கிழமையும் மணியும் சொல்லுங்கள்."

"நாளைக் காலை ஆறு மணி" என்று சொன்ன பிறகுதான், இந்த அம்மாள் எனக்கு ஒரு வார்த்தை யோசனைகூடச் சொல்லாமலே என்னை மாட்டிவிட்டார் என்பது புரிந்தது. எங்கே போக வேண்டும், இப்போது எங்கே இருக்கிறோம், என்னென்ன வழிகள் உண்டு, எதை எப்போது செய்யப் போகிறோம்: விட்மோர் நூலில் சொல்லியிருக்கும் நாலு படிகள் இவைதாம். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். பிறர் கஷ்டத்தைக் கேட்கும்போது இடையில் புகுந்து யோசனை சொல்லாமல் இரண்டு நிமிஷம் இருந்து பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். எனக்கு அது இன்னும் கைவரவில்லை.

குட்டியிடமும் அவர் இதைத்தான் செய்தார். முதல் சந்திப்பில் நடந்ததைக் குட்டியே எனக்குச் சொன்னாள்.

"அந்தச் சந்தேகம் முதலில் எத்தனை மணிக்கு வந்தது?" என்று கேட்டாராம்.

"திங்கட்கிழமை பதினொரு மணி."

"பதினொரு மணிக்கு என்ன செய்தாய்?"

"எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்."

"அப்புறம்?"

"பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் போனேன்."

"அன்றைக்கு மொத்தம் எத்தனை தடவை தண்ணீர் குடித்தாய்?"

குட்டி சிரித்துவிட்டாளாம். ஐந்து தடவை! அவளுக்குத் தாகம் இல்லை, பயம். பயம் தாகத்தின் வேஷத்தில் வருகிறது என்பதை அவளே கண்டுபிடித்தாள். இனிமேல் காரணமில்லாமல் தண்ணீர்ப் பக்கம் கால் போனால், தனக்கு ஏதோ தெரியவில்லை என்று அர்த்தம்.

வழியையும் அவளே சொன்னாள். நூற்றுக்கணக்கான வரிகளையும் முடித்துக் காட்டாமல், முதல் பத்து வரியை மட்டும் செய்து அன்றைக்கே காட்டுவது. வெறும் கையோடு போய் "எனக்குப் புரியவில்லை" என்று நிற்காமல், "நான் பில் தேதியிலிருந்து கணக்கிட்டிருக்கிறேன், இது சரியா, சரக்கு வந்த தேதியா?" என்று இரண்டில் ஒன்றைக் கேட்பது. இப்படிக் கேட்டால் பதில் சொல்ல மேலதிகாரிக்கு அரை நிமிஷம் போதும். கேட்டவளை அசடு என்று யாரும் நினைக்கவும் மாட்டார்கள்.

பாட்டன் காலத்துப் பயிற்சி

"இதெல்லாம் என்னடா புது மோஸ்தர்? உங்க அத்தான் வேலை கற்றுக்கொள்ளவில்லையா? அவருக்கு எந்தக் கோச்சு வந்தது?" என்று அக்காள் என்னைக் கேட்டாள்.

புதிது ஒன்றுமில்லை. முதல் உத்தியோகத்துக்கு வந்த வாலிபர்களைப் பழக்கி எடுப்பதற்காகவே நம் சென்னையில் 1812-ல் ஒரு கல்லூரி வைத்தார்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்று அதற்குப் பெயர். எல்லிஸ் துரை முன்னின்று ஏற்படுத்தியது. சீமையிலிருந்து மீசை முளைக்காத பிள்ளைகள் கம்பெனி உத்தியோகத்துக்காகக் கப்பலில் வந்து இறங்குவார்கள். தமிழும் தெலுங்கும் தெரியாமல் ஜில்லாவுக்குப் போனால் நிர்வாகம் எப்படி நடக்கும்? நம்மூர் வித்துவான்களே அவர்களுக்கு வாத்தியார்கள். நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலை என்கிறோமே, அந்தப் பெயர் அந்தக் கல்லூரியால் வந்ததுதான்.

அத்தானுக்கும் கோச் இருந்தார். அவருக்கு அந்தப் பெயர் மட்டும் இல்லை. அடுத்த மேஜையில் இருந்த ஹெட் கிளார்க் அவர். "தம்பி, இந்தக் கடிதத்தை இப்படி ஆரம்பிக்கக் கூடாது" என்று காதோடு சொல்லித் திருத்திக் கொடுப்பார். வெற்றிலைச் செல்லத்தை நீட்டிக்கொண்டே ஆபீஸ் ரகசியங்களையும் சொல்லிவிடுவார். அந்த அடுத்த மேஜைதான் இப்போது காணாமற் போய்விட்டது. 2020-ல் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்த பிறகு, பல இடங்களில் வாரத்தில் சில நாள் ஆபீஸ், சில நாள் வீடு என்று ஏற்பாடு. மேலதிகாரி ஓர் ஊரில், குட்டி ஓர் ஊரில். திரையில் தெரியும் முகத்தைப் பார்த்துக் காதோடு எப்படிக் கேட்பது?

அமெரிக்கப் பொருளாதாரப் பெண் நிபுணர்கள் மூவர் இதை ஒரு பெரிய கம்பெனியில் ஆராய்ந்து 2023-ல் எழுதியிருக்கிறார்கள். தங்கள் கோஷ்டியோடு பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த கம்ப்யூட்டர் எஞ்சினியர்களுக்கு, தூரத்தில் இருந்தவர்களைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகத் தங்கள் வேலையைப் பற்றிய குறிப்புரைகள் கிடைத்தனவாம். இந்த லாபம் இளம் வயதினருக்கும் பெண்களுக்கும் கூடுதல். பக்கத்தில் இருந்தால் பெண்கள் மேலும் மேலும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். தூரம் போனதும் கேள்வி நின்றுவிட்டது. குட்டியின் கதையை எழுதி வைத்தது போல் இருக்கிறது!

ஹார்வர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த எமி எட்மண்ட்ஸன் என்ற அம்மையார் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். கட்டுப்பாடாகவும் ஒற்றுமையாகவும் நடக்கும் வார்டுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். எண்ணிப் பார்த்தால் அங்கேதான் அதிகம்! திகைத்துப் போய் மேலும் துருவினார். அந்த வார்டுகளில் நர்ஸுகள் தவற்றை மறைக்காமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் பயந்து மூடி வைத்தார்கள். கணக்கில் ஏறாத தவறுதான் நோயாளிக்கு அபாயம். 1996-ல் வெளியான ஆராய்ச்சி இது. குட்டியின் மேலதிகாரி பத்துப் பேர் நடுவில் கேட்டாரே, அன்று அவர் மற்ற ஒன்பது பேருக்கும் வாயை மூடிக்கொள்ளக் கற்றுக் கொடுத்தார் என்பது என் அபிப்பிராயம்.

திட்டுவது மட்டும் அல்ல, புகழ்வதும் சில சமயம் வேலையைக் கெடுக்கும். குளூகர், டெனிஸி என்ற இரு மனோதத்துவ அறிஞர்கள் அதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி 1996-ல் கணக்குப் பார்த்தார்கள். குறை நிறைகளைச் சொல்வதால் பொதுவாக வேலை சீர்ப்படுகிறது; ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட சந்தர்ப்பங்களில் முன்னைவிட மோசமாகிவிட்டது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பினால்தான் இந்த வினை. "ஏழாவது வரியில் தேதி தப்பு" என்பது வேறு. "உனக்குக் கவனம் போதாது" என்பது வேறு. "நீ கெட்டிக்காரி" என்பதும் இந்த இரண்டாவது ஜாதிதான். அக்காள் தினம் மாலையில் வாசலிலேயே நின்றுகொண்டு, "இன்றைக்கு ஏதாவது சொன்னார்களா?" என்று கேட்பாள். கோச் அம்மாளிடம் பேசியபின் குட்டியே அம்மாவிடம் கேட்டுக்கொண்டாள்: "அம்மா, என்ன சொன்னார்கள் என்று கேட்காதே. என்ன செய்தாய் என்று கேள்." அக்காளுக்கு முதலில் மனத்தாங்கல்தான். இரண்டு நாள் கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் கேட்டாள். குட்டி பாக்கிப் பட்டியல் என்றால் என்ன என்று அரை மணி நேரம் சொன்னாள். இப்போது அக்காள் தன் தையல் பாக்கிகளையே அந்த முறையில் எழுதி வைத்திருக்கிறாள்.

இரண்டு எச்சரிக்கைகள்

இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் லைசென்ஸ் கிடையாது. இன்று காலை போர்டு மாட்டினால் மத்தியானம் நானும் கோச்தான். கம்பெனி கொடுத்தால் சரி. சொந்தப் பணம் செலவழித்துப் போகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 1995-ல் ஏற்பட்ட சர்வதேசக் கோச்சிங் சம்மேளனம் சான்றிதழ் தருகிறது. அதன் முதல் படிக்கே 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். "மூன்றே மாதத்தில் பதவி உயர்வு" என்று எவராவது வாக்களித்தால் காபி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். கல்லூரியில் இருக்கும்போதே கற்றுக்கொள்ளத் தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறது. ஆனால் அது உத்தியோகத்தின் வாசல் வரைக்கும்தான் கூட வரும்.

இன்னொன்று. எல்லாக் கஷ்டமும் கோச்சிடம் போக வேண்டியவை அல்ல. மேலதிகாரியின் பார்வையோ பேச்சோ கையோ சரியில்லை என்றால், "நான் எப்படி என்னை மாற்றிக்கொள்வது?" என்று ஒரு பெண் யோசிக்கவே கூடாது. 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உட்குழு ஒன்று இருந்தே ஆக வேண்டும். தலைமை ஒரு மூத்த பெண் உத்தியோகஸ்தர். அங்கத்தினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். குட்டியின் கோச் அம்மாள் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறார். அவர் கேட்கப்படாமலே சொல்லும் ஒரே யோசனை இதுதான் என்று நினைக்கிறேன்.

ஊர்ஜிதம்

ஐந்தாவது மாதம் ஒரு கூட்டம். புதிதாக வந்த கணக்கு ஒன்றை எப்படிச் செய்வது என்று மேலதிகாரி விளக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். குட்டிக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கண் போயிற்று. உடனே கையைத் தூக்கினாள்.

"ஒரே பில்லுக்குச் சரக்கு இரண்டு தவணையாக வந்தால், நாள் கணக்கை முதல் தவணையிலிருந்து ஆரம்பிப்பதா, இரண்டாவதிலிருந்தா?"

யாரும் பேசவில்லை. மேலதிகாரி தம் குறிப்புகளைப் புரட்டினார். பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். விசாரித்ததில், ஒரு பகுதியினர் முதல் தவணையையும் இன்னொரு பகுதியினர் இரண்டாவதையும் இதுநாள் வரை எடுத்து வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அன்று மாலையே வெளிநாட்டுக்குக் கடிதம் போயிற்று.

ஆறாம் மாத முடிவில் ஊர்ஜித உத்தரவு வந்தது. அக்காள் அதை அச்செடுத்து, சுவாமி படத்துக்குக் கீழே வைத்து, கல்விக் கடன் பாஸ் புத்தகத்தையும் அதன்மேல் வைத்திருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை குட்டியைப் பார்த்தேன். பக்கத்து நாற்காலிக்குப் புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறானாம். கோயமுத்தூர்ப் பக்கம், எம்.காம்.; ரொம்பச் சாது. சேர்ந்த மறுநாள் பதினொரு மணிக்கு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். பதினொன்றரைக்குப் போனான். பன்னிரண்டுக்கும் எழுந்தான்.

"நீ என்ன செய்தாய்?" என்று கேட்டேன்.

"எனக்கும் தாகமாக இருக்கிறது என்று சொல்லி நானும் கூடவே போனேன், மாமா" என்றாள் குட்டி.